நூலக மாடி உத்திரத்தின் தொய்வு குறித்தும், என் சகலை குறித்தும்

அனுப்புநர்:
மூத்த சோதனைப் பொறியாளர்,
பாரச் சோதனைப் பிரிவு (தரைத்தளம், பின்பக்கம்),
கட்டுமானப் பொருள் சோதனைக்கூடம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கட்டுமானப் பொருள் சோதனைக்கூடம்.

பொருள்: பொது நூலக மாடி உத்திரச் சோதனை அறிக்கை – தலைமைச் சரிபார்ப்பாளர் கையெழுத்திடாமல் இழுத்தடிப்பது – தனிப்பட்ட காழ்ப்பே காரணம் என்பது – நடவடிக்கை கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. பாரச் சோதனைப் பிரிவில் நான் நெடுங்காலமாகப் பணியாற்றி வருவதைத் தாங்கள் அறிவீர்கள். பாரம் ஏற்றினால் ஒரு பொருள் எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு தொய்கிறது, பாரத்தை இறக்கினால் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து சொல்வது என் வேலை. நான் தேறியது என்று எழுதிக்கொடுத்த எதுவும் இதுவரை இடிந்து விழுந்ததில்லை. இதை நானே சொல்ல வேண்டியிருப்பதற்கு வருந்துகிறேன். நம் அலுவலகத்தில் வேறு யாரும் இப்போதெல்லாம் சொல்வதில்லை.

2. இம்மனுவில் குறிப்பிடப்படும் தலைமைச் சரிபார்ப்பாளர் என் சகலை. அதாவது, என் மனைவியின் தங்கையை மணந்தவர். அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே நான்தான். தங்களுக்கு முன்பிருந்த இயக்குநரின் மேசையில் அவருடைய விண்ணப்பத்தை என் கையால் வைத்தேன். கெட்டிக்காரர், நமக்குக் கீழே இருந்து நாலு வேலை கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். கற்றுக்கொண்டார். பிறகு எனக்கு மேலே போய்விட்டார். அவருடைய அறைக்கு ஜன்னல் இருக்கிறது. அவருக்குத் தேநீர் ஆவி பறக்க வருகிறது. என் மேசைக்கு வரும்போது அதன்மேல் ஆடை படிந்திருக்கிறது. ஆய்வகத்து ஆட்கள் அவர் சொல்லும் வேடிக்கைக்கு அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சிரிக்கிறார்கள். அதே வேடிக்கையை நான் அவர்களிடம் முன்பே சொல்லியிருக்கிறேன், யாரும் சிரிக்கவில்லை. இவை புகாருக்குத் தொடர்பற்றவை என்பதை அறிவேன். பதிவில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

3. குடும்பத்திலும் இதே நிலைதான். மாமனார் வீட்டுக் கூடத்துச் சுவரில் விரிசல் கண்டபோது, மூத்த மருமகன் என்ற முறையில் நான் போய், விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டினேன். சுவர் இன்னும் அசைந்துகொண்டிருந்தால் கண்ணாடி உடையும், உடையாவிட்டால் பயமில்லை. உடையவில்லை. பூசிவிட்டால் போதும் என்று சொன்னேன். மாமனார் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, எதற்கும் சின்னவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார். சின்னவர் வந்தார், கண்ணாடியைப் பார்த்தார், அண்ணா சொன்னதே சரி என்றார். அதன் பிறகுதான் கொத்தனாருக்கு ஆள் போனது. அவர் என்னை மறுத்துப் பேசியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வார்த்தை செல்லுபடியாவதற்கு அவர் ஆமாம் போட வேண்டியிருந்தது. அன்று எரிந்த வயிறு எனக்கு இன்னும் ஆறவில்லை.

4. இனி விஷயத்துக்கு வருகிறேன். பொது நூலகத்தில் வாசிப்புக்கூடத்துக்கு மேலே உள்ள மாடியைப் புத்தக அலமாரிகளுக்காகத் திறக்கவிருக்கிறார்கள். அந்த மாடித் தளத்தை எஃகு உத்திரங்கள் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் எட்டு மீட்டர் நீளம், நாற்பது சென்டிமீட்டர் உயரம். கட்டடம் பழையது என்பதால், பாரம் ஏற்றிப் பார்த்துச் சொல்லும்படி நம்மிடம் கேட்டார்கள். நடு உத்திரத்துக்கு மேலே தண்ணீர்ப் பைகளை அடுக்கினோம். அதன் அடிப்பாகத்தில் திரிபுமானிகள் ஒட்டப்பட்டன. தபால்தலையைவிடச் சிறிய உலோகத் தகடுகள் இவை. எஃகு நீண்டால் தாமும் கூடவே நீண்டு, எவ்வளவு நீண்டோம் என்று காட்டும். தொய்வை அளப்பதற்கு, உத்திரத்தின் நடுவில் அடியிலிருந்து முட்டி நிற்கும்படி, முள் நகர்ந்து அளவு காட்டும் ஒரு டயல் கேஜை நானே பொருத்தினேன். கீழே புதிதாக மெருகேற்றிய மரத்தளம் இருந்தது. அதில் டயலைத் தாங்கும் குழாய் ஊன்றவே கூடாது என்று தலைமை நூலகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே இரண்டு பக்கமும் இருந்த பக்கத்து உத்திரங்களிலிருந்து ஒரு குறுக்குக் கம்பியைத் தொங்கவிட்டு, டயலை அதன்மேல் நிறுத்தினேன். இந்த யோசனை எனக்குத்தான் வந்தது என்பதையும், ஆய்வகத்து ஆட்கள் அதை மனம்விட்டுப் பாராட்டினார்கள் என்பதையும் பணிவுடன் குறிப்பிடுகிறேன்.

5. டயல் காட்டிய தொய்வு பதினாறு மில்லிமீட்டர். அனுமதிக்கப்பட்ட அளவு இருபத்திரண்டு. பாரத்தை இறக்கியதும் முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. உத்திரம் தேறியது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த அறிக்கையை என் சகலை நம் வாராந்தரக் கூட்டத்தில் எடுத்தார். அத்தனை பேரும் கையில் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணா, ஸ்ட்ரெயின் ஒண்ணு சொல்லுது, டயல் வேற சொல்லுது. எது சரின்னு தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" குரலை உயர்த்தவில்லை. முகத்தில் ஏளனமும் இல்லை. கடைக்குப் போகிறேன், ஏதாவது வேண்டுமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். கூட்டத்தில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

6. அவர் தரப்பையும் மறைக்காமல் தங்கள் முன் வைக்கிறேன். அவர் ஸ்ட்ரெயின் என்று சொன்ன திரிபு என்பது, ஒரு பொருள் எவ்வளவு நீண்டதோ அதை அதன் பழைய நீளத்தால் வகுத்தால் வருவது. உத்திரத்தின் அடிப்பாகத்தில் அது பத்து லட்சத்துக்கு எழுநூற்று இருபது பங்கு என்று வந்தது. அதாவது, ஒரு மீட்டர் எஃகு முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீண்டிருக்கிறது. இந்தத் திரிபை உத்திரத்தின் பாதி உயரத்தால் வகுத்தால், அது எந்த அளவுக்கு வளைந்தது என்று தெரியும். அதை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நாற்பத்தெட்டில் ஐந்து பங்கு எடுத்தால், நடுவில் எவ்வளவு தொய்ந்திருக்க வேண்டும் என்று கிடைத்துவிடும். கிடைப்பது இருபத்து நான்கு மில்லிமீட்டர். அதாவது, அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது. டயல் சொன்ன பதினாறு போக மீதி எட்டு மில்லிமீட்டர் எங்கே என்பது அவருடைய கேள்வி. அந்த எட்டு மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டுதான் என் அறிக்கையைத் தம் இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறார்.

7. இதற்கு என் பதில் எளிது. திரிபுமானிகளை ஒட்டியவர் அவருடைய பிரிவைச் சேர்ந்தவர். பசை சரியாகக் காய்ந்திருக்காது. மானி தப்பாகக் காட்டியிருக்கிறது. கண்ணுக்கு நேரே நகர்ந்த முள்ளை விட்டுவிட்டு ஒரு தகட்டுத் துண்டை நம்புவது, டயலைச் சந்தேகிப்பதாகாது, அதை நிறுத்திவைத்த என்னைச் சந்தேகிப்பதாகும். இதை வீட்டில் சொல்லிப் புலம்பியபோது என் மனைவி, "உங்களுக்கு அந்த பீம் மேல கோபமா, அவர் மேல கோபமா?" என்று கேட்டாள். தங்கை புருஷனுக்குப் பரிந்துகொண்டு வருகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

8. ஆகவே, மேற்படி அறிக்கையை அவரிடமிருந்து வாங்கித் தாங்களே ஒப்புதல் அளிக்குமாறும், அறிக்கைகளைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து அனுபவம் மிக்க மூத்தவர் ஒருவரிடம் ஒப்படைக்குமாறும் வேண்டுகிறேன். அந்த மூத்தவர் யார் என்று நான் சொல்வது முறையாகாது. டயல் கேஜ் பொருத்தப்பட்ட விதத்தைப் புகைப்படமாக இணைக்க விரும்புவதால், இன்று பிற்பகல் நூலகம் சென்று வந்து இம்மனுவில் கையெழுத்திடுவேன்.

9. நூலகத்திலிருந்து இப்போதுதான் திரும்பினேன். மேலே உள்ள பத்திகளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிய தாள் எடுக்கத்தான் கை போனது. ஆனால் என்னை எனக்குத் தெரியும். புதிதாக எழுத உட்கார்ந்தால், ஆரம்பத்திலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது என்கிற மாதிரி எழுதிவிடுவேன். எனவே எதையும் அடிக்காமல் தொடர்கிறேன். தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

10. நான் போனபோது பக்கத்து உத்திரங்கள் இரண்டின்மேலும் அலமாரிகள் நின்றன. அவை நிறையப் புத்தகங்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, நீங்கள் அடுக்க ஆரம்பிக்கலாம் என்று தலைமை நூலகரிடம் நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். நடு உத்திரத்துக்கு மேலே மட்டும் இடம் காலியாக இருந்தது. அதன் அடியில் என் டயல், கையெழுத்தாகும்வரை யாரும் தொடாதிருக்க நான் சுற்றி ஒட்டிய முத்திரைத் தாளோடு அப்படியே நின்றது. ஏணியில் ஏறிப் படம் எடுக்கப் போனேன். முள் பூஜ்யத்தில் இல்லை. பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போயிருந்தது. அந்த டயலை நம்புவதானால், மேலே ஒரு காகிதம்கூட இல்லாத உத்திரம் மூன்று மில்லிமீட்டர் தானாக மேலே எழும்பியிருந்தது.

11. சகலை வந்து முள்ளைத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார் என்பதுதான் எனக்கு வந்த முதல் எண்ணம். முத்திரைத் தாளை நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன். எங்கும் கிழியவில்லை. கிழியவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது, அம்மையீர். அதையும் எழுதத்தான் வேண்டும்.

12. சும்மா இருக்கும் உத்திரம் எழும்பாது. அது எழும்பவில்லையென்றால் டயல் கீழே இறங்கியிருக்கிறது. டயல் நிற்பது குறுக்குக் கம்பியில். கம்பி தொங்குவது பக்கத்து உத்திரங்களில். அவற்றின்மேல் இப்போது புத்தகங்கள். இதைச் சோதனை நாளுக்குப் பொருத்திப் பார்த்தபோது ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். நடு உத்திரத்தின்மேல் நாங்கள் ஏற்றிய பாரத்தில் ஒரு பங்கை மாடித் தளம் பக்கத்து உத்திரங்களுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அவையும் எட்டு மில்லிமீட்டர் தொய்ந்திருக்கின்றன. தொய்ந்தபோது என் கம்பியையும் டயலையும் கூடவே கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. ஆகவே டயல் காட்டிய பதினாறு, உத்திரம் தொய்ந்த அளவு அல்ல. பக்கத்தில் இருப்பவற்றைவிட அது எவ்வளவு கூடுதலாகத் தொய்ந்தது என்கிற அளவு மட்டுமே. உண்மையான தொய்வு இருபத்து நான்கு. திரிபுமானிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது எஃகின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் ஏறினாரா இறங்கினாரா என்று அது பார்ப்பதில்லை. பசையைப் பற்றி ஏழாம் பத்தியில் எழுதியிருப்பதும் தவறு. காயாத பசை திரிபைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அதை எழுதும்போதே எனக்குத் தெரியும்.

13. உடனே தலைமை நூலகரிடம் போய், அலமாரிகளைக் காலிசெய்து மாடிப்படியைப் பூட்டச் சொன்னேன். வாசிப்புக்கூடத்தில், அந்த உத்திரங்களுக்கு நேர் கீழே, நீண்ட மேசைகளைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் அம்மாள் கோபப்படவில்லை, குழம்பிப்போனார். "நேத்து வரைக்கும் ஒண்ணும் பயமில்லைன்னு சொன்னதும் நீங்கதானே சார்? வாயால சொன்னதுக்கு ஏத்தினேன், இப்ப வாயால சொன்னா இறக்க முடியாது. மேல இருக்கறவர் கையெழுத்தோட குடுங்க" என்றார். பிள்ளைகளை மட்டும் அடுத்த அறைக்கு அனுப்பினார். மேலே இருக்கிறவர் என்பது யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தொலைபேசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நூலக வாசலில் நின்றேன். அந்த எண்ணை அழுத்துவதைவிட அத்தனை புத்தகங்களையும் நான் ஒருவனே சுமந்து இறக்குவது எளிது என்று தோன்றியது. அழுத்தினேன்.

14. அவர் காரணம் கேட்கவில்லை. வந்தார். ஏணியில் ஏறி முள்ளைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், அது தொங்கும் இரண்டு இடங்களையும் பார்த்தார். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. நான் விளக்கத் தொடங்கியபோது, முதலில் புத்தகத்தை இறக்கிவிடலாம் அண்ணா என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மாடியை மூடும்படி ஓர் அவசர ஆணையை அங்கேயே எழுதிக் கொடுத்தார். நூலக ஊழியர்களோடு நாங்கள் இருவரும் சேர்ந்து அலமாரிகளைக் காலிசெய்தோம். கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் படி இறங்க இறங்க, டயலின் முள் கொஞ்சம் கொஞ்சமாகப் பூஜ்யத்தை நோக்கித் திரும்பி வந்தது. அவர் என்னைவிட வேகமாகச் சுமந்தார் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசிக் கட்டு இறங்கியதும், பரவாயில்லை, உத்திரங்கள் எதுவும் கெட்டுப்போகவில்லை, முழுவதும் திரும்பிவிட்டன என்றார். அது உண்மைதான்.

15. இப்போது என் உண்மையான புகாருக்கு வந்துவிட்டேன். மேலே பொருள் என்று எழுதியிருப்பதைப் பின்வருமாறு மாற்றி வாசிக்கும்படி வேண்டுகிறேன்: "நூலக மாடி உத்திரச் சோதனை – மறுசோதனைக்கான காரணத்தைத் தலைமைச் சரிபார்ப்பாளர் பொய்யாக எழுதியிருப்பது – அதை நீக்கக் கோருவது தொடர்பாக."

16. அந்த அவசர ஆணையில், மறுசோதனைக்குக் காரணம் என்ற இடத்தில், அவர் "கருவிப் பழுது" என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டு, கருவியில் என்ன பழுது என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இது நமக்குள்ளயே இருக்கட்டும் அண்ணா. ஆபீஸ்லயும் வேணாம், வீட்லயும் வேணாம். யாருக்கும் வரக்கூடியதுதான்" என்றார். தோளில் கையும் வைத்தார். அவருடைய பொறுப்பையே பறிக்கச் சொல்லும் மனு ஒன்று என் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் ஒரு தடவையாவது என்னைக் கேலி செய்திருக்கலாம். எட்டு மில்லிமீட்டர் கிடைத்துவிட்டதா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் மனதார நாலு வார்த்தை திட்டிவிட்டு, இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

17. அவருடைய நல்ல மனதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் எழுதியிருப்பது பொய். டயல் கேஜ் பழுதாகவில்லை. நான் எங்கே நிறுத்தினேனோ அங்கிருந்து அது சரியாகவே அளந்தது. நிறுத்திய இடம் தவறு. கருவிப் பழுது என்று கோப்பில் ஏறிவிட்டால், நல்ல கருவி ஒன்றைக் கழித்துக் கட்டுவார்கள், தவறான முறை அப்படியே இருக்கும். என் யோசனையை மெச்சிய ஆய்வகத்து ஆட்கள் இப்போது பள்ளிக்கூடம் ஒன்றிலும் மருத்துவமனை ஒன்றிலும் இதேபோல் பக்கத்து உத்திரங்களிலிருந்து கம்பியைத் தொங்கவிட்டு அளந்துகொண்டிருக்கிறார்கள். அந்த அறிக்கைகளும் தேறியது என்றுதான் வரும். என் மானத்தை ஒரு சொல்லால் மூடப்போய், அந்த இரண்டு கட்டடங்களையும் அவர் அதோடு சேர்த்து மூடியிருக்கிறார். அவரைப் போன்ற கெட்டிக்காரர் இதை எப்படி யோசிக்காமல் விட்டார் என்று தெரியவில்லை. அவர் யோசிக்காமல் விட்ட ஒன்றை நான் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

18. ஆகவே அம்மையீர் அவர்கள் தயவுகூர்ந்து,

(அ) நூலக மாடி உத்திரம் தேறியது என்று நான் கொடுத்த அறிக்கையை ரத்து செய்யவும்;

(ஆ) பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் நடக்கும் அளவீடுகளை நாளைக் காலையிலேயே நிறுத்தி, டயலைத் தரையில் ஊன்றி மறுபடி அளக்க உத்தரவிடவும்; தரை கெடும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்;

(இ) சரிபார்க்கும் பொறுப்பைத் தலைமைச் சரிபார்ப்பாளரிடமிருந்து எடுக்க வேண்டும் என்ற என் எட்டாம் பத்திக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்யவும்; அந்த இடத்துக்கு அவரைவிடத் தகுந்தவர் நம்மிடம் இல்லை; இந்த வாக்கியத்தை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை;

(ஈ) "கருவிப் பழுது" என்ற சொற்களை அடித்துவிட்டு, "மூத்த சோதனைப் பொறியாளர் டயல் கேஜை நகரும் இடத்தில் நிறுத்தியதால்" என்று எழுதச் செய்து, அதை வரும் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கவும்;

(உ) அதற்குரிய தண்டனை எதுவானாலும் தங்கள் கையாலேயே எனக்கு வழங்கவும்

பணிந்து வேண்டுகிறேன்.

19. தண்டனையைக் குறைக்கச் சொல்லி என் சகலை தங்களிடம் வரக்கூடும். நிச்சயம் வருவார். எனக்காக மிகவும் நன்றாகப் பேசுவார், தாங்களும் இளகிவிடுவீர்கள். தயவுசெய்து அவரை உள்ளே விட வேண்டாம். இந்தத் தவறு நான் செய்தது. அதையாவது அவர் எடுத்துக்கொள்ளாமல் என் பெயரிலேயே இருக்கும்படி செய்து தருமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சோதனைக்கூடம்
நாள்: வியாழன், மாலை

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மூத்த சோதனைப் பொறியாளர்